குடிகாடு... ரெண்டு டிக்கெட்!

"குடிகாடா? பேர்லயே சரக்கு இருக்கேண்ணா!"

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே, என் சித்தப்பா பையன் அடித்த முதல் கமென்ட் இது. பையன் இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். கையில் போன், காதில் ஒயர் இல்லாத ஹெட்போன், வாயில் எந்நேரமும் ஒரு நக்கல். உங்க வீட்டிலும் இப்படி ஒரு பார்ட்டி கண்டிப்பா இருக்கும்!

"டேய், இது வேற குடி. மக்கள் குடியிருக்கிற இடம்தான் குடி. குடியானவன், குடிமகன் எல்லாம் அதிலேர்ந்து வந்ததுதான். டாஸ்மாக் வாசல்ல விழுந்து கிடக்கிறவருக்கு 'குடிமகன்'னு பட்டம் கொடுத்தது நம்ம ஆளுங்களோட லொள்ளு" என்று விளக்கம் கொடுத்தேன். அதுக்குள்ள அவன் ஜன்னலோரம் செட்டிலாகி, அடுத்த ரீல்ஸுக்குத் தாவியிருந்தான்.

பிச்சாவரம் படகு, சிதம்பரம் கோயில், நைட்டு பரோட்டா... இதுதான் அவனிடம் நான் சொல்லியிருந்த டூர் ப்ரோக்ராம். நடுவில் குடிகாட்டில் இறங்கி, என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்டைப் பார்த்துட்டுப் போறோம் என்பதையும் சொல்லியிருந்தேன். சொல்லாத விஷயம் ஒண்ணு உண்டு. பத்து நாளைக்கு முன்னாடி சித்தி போன் பண்ணி அழுதாங்க. துவைக்க எடுத்த பேன்ட் பாக்கெட்டில் சுருட்டுற பேப்பரும், ஒரு சின்னப் பொட்டலமும் இருந்துச்சாம். "அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு. நீ கொஞ்சம் பேசிப் பாருப்பா..."

எனக்கு அட்வைஸ் பண்ண வராது. அதான் பஸ் ஏத்திட்டேன்!

முதுநகர் தாண்டி...

திருப்பாப்புலியூர் நெரிசலில் இருந்து பிதுங்கி வெளியே வந்தா, முதுநகர். ஊர்க்காரங்க பாஷையில் 'ஓ.டி.' அதாவது ஓல்டு டவுன். துறைமுகம், மீன் மார்க்கெட், ரயில்வே ஜங்ஷன்னு உப்புக்காத்து வாசம் அடிக்கிற பழைய ஊர். 1746-ல் பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்போ, கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையிடத்தையே இங்கே தேவனாம்பட்டினம் கோட்டைக்கு மாத்திக்கிச்சு. அன்னிக்குக் கடலூர்ல 'கம்பெனி'ன்னா அது. இன்னிக்கு 'கம்பெனி'ன்னா சிப்காட். ரெண்டுக்கும் நடுவுல ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும்!

"அண்ணா, இதைப் பாரேன்! பாங்காக்ல தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை. நம்ம ஊரு பெட்டிக்கடை மாதிரி!" போனை நீட்டினான்.

சத்தியமா நான் வாயே திறக்கலை. அவனே ஆரம்பிச்சுட்டான்!

"கனடாவுல 2018-லேர்ந்து கடையில விக்கிறான். அமெரிக்காவுல கிட்டத்தட்ட பாதி ஸ்டேட்ல விக்கிறான். இங்க மட்டும் பிடிச்சு உள்ள போடறாங்க. இது ஒரு செடிதானேண்ணா? சரக்கை விட சேஃப். சித்தருங்களே 'சிவமூலி'ன்னு பேரு வெச்சிருக்காங்க. கவர்மென்ட்டே வித்தா வரியும் வரும், திருட்டு வியாபாரமும் ஒழியும். காசியில லைசென்ஸோட பாங்கு கடையே இருக்கு, தெரியுமா?"

செமஸ்டருக்கு இந்த அளவு தயார் பண்ணியிருந்தா அரியரே விழுந்திருக்காது. ஆனா, சும்மா சொல்லக்கூடாது... அவன் சொன்னதில் பாதி நிஜம். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சான்னா அந்தச் செடியோட பூவும் காயும் இருக்கிற நுனி. தனியா இலையை அந்தச் சட்டம் சேர்க்கலை. அந்த சந்துலதான் காசி பாங்கு கடை ஓடுது. 2020-ல் ஐ.நா. சபை கஞ்சாவை ரொம்பக் கடுமையான பட்டியலில் இருந்து எடுத்தப்போ, இந்தியாவும் ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு. ஒரு வகை வலிப்பு நோய்க்கு இந்தச் செடியிலேர்ந்து எடுத்த மருந்தை அமெரிக்காவில் 2018-லேர்ந்து டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறாங்க.

இந்தப் பாதியைத்தான் எல்லா ரீல்ஸும் சொல்லுது. மீதிப் பாதி எனக்குக் குடிகாட்டு ஸ்டாப்பில் கிடைச்சது.

மூக்கு சொல்லும் ஸ்டாப்!

இந்த ஸ்டாப் வந்துடுச்சுன்னு கண்டக்டர் கத்த வேண்டியதில்லை. மூக்கே சொல்லிடும். ரோட்டோரம் வரிசையா கம்பெனி காம்பவுண்டு, உள்ளே டேங்க், குழாய், புகைபோக்கி. இடையில் கூரை வீடு, மாடி வீடு, கோயில், டீக்கடைன்னு ஒரு சாதாரணக் கிராமம். கிழக்கே உப்பனாறு. 1980-கள்ல இந்த சிப்காட் வந்தப்போ, வேலை வரும்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. வேலையும் வந்துச்சு, கூடவே காத்தும் வந்துச்சு.

இந்த ஏரியா மக்கள் ஒரு காரியம் பண்ணினாங்க. 2004-ல், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்ள பையை வெச்சு, நாத்தம் அடிக்கிற நேரத்துல காத்தைப் பிடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட்ல 22 ரசாயனங்கள். அதில் 8, புற்றுநோய் உண்டாக்கும்னு அறியப்பட்டவை. அழுகின முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு, நெயில் பாலிஷ் வாசம்னா அசிட்டோன்... நமக்கு கெமிஸ்ட்ரி புத்தகத்தில் இருக்கிறது, இவங்களுக்கு மூக்கில் இருக்கு! என்ன வாசம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலேர்ந்துன்னு நோட்டு போட்டு எழுதி வெச்ச ஊர்க்காரங்க இவங்க.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல பையன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வெச்சுக்கிட்டான். டீக்கடை பாட்டி சிரிச்சாங்க. "இன்னா தம்பி, இதுக்கேவா? இன்னிக்கு நல்ல காத்துப்பா!"

ஃபேன் பேசுதுடா!

என் ரூம்மேட் வாசல்லயே நின்னிருந்தான். எங்க பேட்ச்லயே அவன்தான் ஆல்ரவுண்டர். கபடி, கானா, கணக்கு மூணுலயும் முதல் ஆள். அவங்க அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு பதினஞ்சு வருஷம் மூட்டை தூக்கி இவனைப் படிக்க வெச்சார்.

ரெண்டாவது வருஷம், ஒரு பொறந்தநாள் பார்ட்டியில் ஆரம்பிச்சான். முதல்ல சனிக்கிழமை மட்டும். அப்புறம் பரீட்சை முடிஞ்சா. அப்புறம் பரீட்சைக்கு முன்னாடி. மூணாவது வருஷம் அது இல்லாம பல் தேய்க்க மாட்டான். நாங்களும் 'மச்சான் செம ஜாலி டைப்'னு சிரிச்சுக்கிட்டுதான் இருந்தோம். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, "மெதுவா பேசு. ஃபேன் கேட்டுக்கிட்டு இருக்கு. நாம பேசறதை எல்லாம் வார்டனுக்குச் சொல்லுது" என்றான். ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சேன். அவன் சிரிக்கலை.

ஒரு வாரம் கழிச்சு அவங்க அப்பா வந்து, டிரங்குப் பெட்டியைத் தலையிலயும், மகனைக் கையிலயும் பிடிச்சுக்கிட்டுப் போனார். டிகிரி அதோட நின்னு போச்சு.

இப்போ பரவாயில்லை. மாசாமாசம் ஆஸ்பத்திரி, தினம் ராத்திரி மாத்திரை. மாமாவோட டூவீலர் மெக்கானிக் ஷெட்டில் கணக்கு பார்க்கிறான். பேச்சு கொஞ்சம் நிதானம். பழைய கானா இல்லை. சிரிச்சா மட்டும் அதே சிரிப்பு.

மீன்குழம்பும் சோறும் போட்டாங்க அவங்க அம்மா. சித்திரை வெயில், கடலூர்ப் புழுக்கம். மேலே ஃபேன் இருக்கு, ஓடலை. கரன்ட் இல்லைன்னு நினைச்ச பையன், சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டு போனான். "வேணாம் தம்பி" என்று அம்மா பனையோலை விசிறியை எடுத்துக் கொடுத்தாங்க. "அவன் இருக்கிறப்ப போட மாட்டோம்."

பையன் கையை இழுத்துக்கிட்டான்.

சாப்பிட்டு முடிச்சதும் அம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கு. "கம்பெனிப் புகை எங்களைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? அதைத் தடுக்க எங்களால முடியல. கலெக்டர் ஆபீஸ், மறியல்னு எவ்வளவோ அலைஞ்சோம். இவன் காசு குடுத்து வாங்கியில்ல புகையை உள்ள இழுத்தான்..."

அவனுக்குக் கோபம் வரலை. எங்களோட உப்பனாறு வரைக்கும் நடந்து வந்தான். "இது இல்லாட்டியும் எனக்கு வந்திருக்குமான்னு டாக்டரைக் கேட்டேன்டா. 'விதை உள்ளயே இருந்திருக்கலாம். தண்ணி ஊத்துனது இதுதான்'னாரு. எனக்குள்ள விதை இருந்தது எனக்கெப்படித் தெரியும்?"

அதுதான் பாயின்ட், நண்பர்களே. பத்துப் பேர் இழுத்தா பத்துப் பேருக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலானவங்களுக்கு ஆகாது. ஆனா அந்த ஒருத்தர் யாருங்கிறது முன்கூட்டித் தெரியாது. 2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பா, பிரேசில்னு 11 இடங்களில் எடுத்தது. கஞ்சாவில் போதை தர்ற சரக்கு டி.ஹெச்.சி. அது 10 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்கிறதை தினமும் எடுக்கிறவங்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வர்ற வாய்ப்பு, தொடாதவங்களை விடக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு அது சொல்லுது. டீன் ஏஜ்ல ஆரம்பிக்கிறவங்கள்ல ஆறுல ஒருத்தர் அடிமையாகிறதா அமெரிக்கக் கணக்கு. ஏன் நம்ம வயசை மட்டும் குறி வெக்குது? மூளை முழுசா முதிர இருபத்தஞ்சு வயசு ஆகுது. அரைவேக்காட்டுல தண்ணி ஊத்தினா சோறு என்ன ஆகும்?

கடை திறந்தா சரியாகிடுமா?

மறுபடி பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு பச்சை வயல் ஓடுது. ரொம்ப நேரம் பேசாம வந்த பையன், மெதுவா கேட்டான். "சரிண்ணா... அதான் கவர்மென்ட் கடையில அளவு போட்டு, தரம் பார்த்து வித்தா இந்தப் பிரச்னை வராதே?"

நியாயமான கேள்வி. கனடாவில் அதைத்தான் முயற்சி பண்ணினாங்க. பாக்கெட்டில் டி.ஹெச்.சி. அளவு, மஞ்சள் எச்சரிக்கை, ஒண்டாரியோவில் 19 வயசுக்கு மேலதான்னு எல்லாம் பக்கா. ஆனா கடைன்னு வந்துட்டா வியாபாரி சும்மா இருப்பாரா? அமெரிக்காவில் போலீஸ் பிடிச்ச கஞ்சாவிலேயே 1995-ல் சராசரி டி.ஹெச்.சி. 4 சதவீதம். 2018-ல் 15 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. அங்கே கடையில் கிடைக்கிற மெழுகு, எண்ணெய் ரகங்கள் 60 சதவீதத்துக்கும் மேல போகுது. நம்ம தாத்தா காலத்து சாமியார் புகைச்சதும் இதுவும் ஒண்ணு இல்லை. அப்புறம் மிட்டாய், கேக், சாக்லேட் ரூபத்தில் வந்துச்சு. 2017-ல் அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு வந்த தகவல்படி, அதைத் தெரியாம சாப்பிட்ட ஆறு வயசுக்குக் கீழான குழந்தைங்க 207 பேர். 2021-ல் 3,054 பேர்!

நீ காட்டின பாங்காக் கடை? 2022 ஜூன்ல தாய்லாந்து கதவைத் திறந்துச்சு. ஆயிரக்கணக்கில் கடை முளைச்சுது. மூணே வருஷத்தில், 2025 ஜூன்ல டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அந்த ரீல்ஸை யாரும் ஷேர் பண்ணலை!

நம்ம ஊரையே பாருங்க. சரக்கு சில்லறை விற்பனையை 2003-ல் டாஸ்மாக் கையில் கொடுத்தாங்க. கள்ளச்சாராயம் ஒழியும், வருமானம் வரும்னு சொன்னாங்க. வருமானம் வந்துச்சு. 2023-24-ல் மட்டும் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல. கள்ளச்சாராயம்? 2024 ஜூன்ல, பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. டாஸ்மாக் மூடியா இருந்துச்சு? 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட சர்வேயில், மது குடிக்கிறவங்க 14.6 சதவீதம். பாங்கு, கஞ்சா, சரஸ் எல்லாம் சேர்த்து 2.8 சதவீதம். முக்குக்கு முக்கு கடை இருக்கிறதுக்கும், இல்லாததுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இதுல கொஞ்சமாவது இல்லாமலா போகும்?

"இன்னிக்குப் பார்த்தியே, அந்தக் குடிகாட்டுக்கும் அனுமதி, அளவு, விதி, அதைப் பார்க்க ஒரு வாரியம் எல்லாம் இருக்குடா" என்றேன். "இருந்தும் 2025 மே மாசம் அந்த ஊர்ல ஒரு சாயக்கழிவுத் தொட்டி வெடிச்சு, தூங்கிக்கிட்டு இருந்த வீடுகளுக்குள்ள கழிவு புகுந்துச்சு. பல பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. முதல்ல திறக்கிறது, அப்புறமா அளக்கிறது... இதான் நம்ம வழக்கம். அளந்து முடிக்கிறதுக்குள்ள யார் வீட்டுல ஃபேன் நிக்குதுங்கிறதுதான் கேள்வி."

அதுக்காக, புகைச்ச பசங்களை எல்லாம் ஜெயிலில் போட்டா தீர்ந்துடுமா? அதுவும் இல்லை. 18 வயசில் ஒரு கேஸ் விழுந்தா வேலை, பாஸ்போர்ட் எல்லாம் சிக்கல். என் ரூம்மேட்டுக்குத் தேவைப்பட்டது லாக்கப் இல்லை, டாக்டர். அதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டிய ஃப்ரெண்ட், பக்கத்துக் கட்டிலில் சிரிச்சுக்கிட்டு படுத்திருந்தேன்.

சடையில ஊமத்தம்பூ

சாயங்காலம் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள்ள துடுப்புப் படகு. வேரெல்லாம் தண்ணிக்கு மேல விரல் விரிச்சு நிக்குது. செல்ஃபிக்காகப் பையன் ஒரு கிளையை வளைச்சான். படகுக்காரர் சத்தம் போட்டார். "தம்பி, உடு! அது தில்லை மரம். உடைச்சா பால் வரும், கண்ணுல பட்டா அவ்ளோதான். பார்வை போயிரும்."

"தில்லையா? சிதம்பரத்துக்கே தில்லைன்னுதானே பேரு?"

"அதே மரந்தான். கோயிலுக்குத் தல விருட்சம். அதுக்காக பாலை எடுத்துக் கண்ணுலயா ஊத்திக்கிறோம்?"

நான் எதுவும் பேசலை. எனக்கு அட்வைஸ் பண்ண வராதுன்னு முன்னாடியே சொன்னேனே!

ராத்திரி கோயில். கீழ கோபுரத்து வழியா உள்ளே போய், கனகசபை முன்னாடி நின்னோம். வெளியே வந்து, கடைத்தெருவில் ஒரு நடராஜர் சிலையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "சடையில என்னண்ணா பூ மாதிரி?"

"ஊமத்தம்பூ. பக்கத்துல பாரு, பாம்பும் இருக்கு. அவர் கழுத்துல ஆலகாலமே இருக்கு. அதெல்லாம் அவருக்கு. நமக்குப் பொங்கலும் சுண்டலும் போதும்!"

சிரிச்சான். காலையிலேர்ந்து அவன் சிரிச்ச முதல் நக்கலில்லாத சிரிப்பு.

பரோட்டா முடிஞ்சு லாட்ஜுக்கு வந்தோம். ரூமுக்குள்ள புழுக்கம். கதவைச் சாத்திட்டு, ஃபேன் சுவிட்சைப் போட்டான். அது மெதுவா சுத்த ஆரம்பிச்சது. கட்டிலில் உட்காராம, தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"அண்ணா... அந்த அண்ணன் வெயில் காலத்துல எப்படித் தூங்குவாரு?"

எனக்குப் பதில் தெரியலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன்" என்று வராண்டாவுக்குப் போனான். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆச்சு.

எப்படிப் போகலாம்?

கடலூர் - சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். கடலூரிலிருந்து எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற பஸ்ஸில் ஏறினா, முதுநகர் தாண்டியதும் சிப்காட், குடிகாடு. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குத் தனி பஸ் உண்டு. வெயில் ஏறும் முன் படகு ஏறிடுங்க. தில்லை மரத்தைத் தொடாதீங்க!

உங்க ரூம்மேட் இப்படி இருக்கானா?

தினமும் வேணும்னு ஆகிறது, தூக்கம் கெடுறது, யாரோ பேசுற மாதிரி, கண்காணிக்கிற மாதிரி சொல்றது... இதையெல்லாம் காமெடியா எடுத்துக்காதீங்க. போதை மறுவாழ்வுக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, ரெண்டும் இலவசம். அடிமையானவங்க தானா முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கிட்டா, பயன்படுத்தின குற்றத்துக்கும் சின்ன அளவு வெச்சிருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுக்க, அதே 1985 சட்டத்தில் 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. ஜெயில் கதவைப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. இந்தக் கதவை நீங்க சொல்லுங்க!